நேரில் போகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

கோலாலம்பூரில் வெளிவரும் தமிழ் நாளிதழ்களைக் காலையில் விரித்தால், கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, நிருபர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, விசாரித்து எழுதிய செய்தி எது என்று குறித்துக்கொண்டே படிப்பது எனக்கு வழக்கம். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் துணையாசிரியராக வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் விடவில்லை. அமைச்சரின் அறிக்கை, தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி மொழிபெயர்ப்பு, சங்கத்துக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய நிகழ்ச்சிப் படம், தமிழ்நாட்டிலிருந்து எடுத்துப் போட்ட சினிமாத் துணுக்கு ஆகியவற்றையெல்லாம் கழித்தால், பென்சில் குறி விழும் செய்திகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. தமிழ்ப் பத்திரிகை இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் குறிகளுக்கே போகிறது. காகிதம் நிற்குமா என்ற கவலை எனக்கும் உண்டு. நேரில் போகிறவர் இருப்பாரா என்ற கவலை அதைவிடப் பெரியது.

மூடப்பட்ட அலுவலகங்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். 1896-இல் தொடங்கிய ஆங்கில நாளிதழான மலாய் மெயில் 2018 டிசம்பரில் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்கு மட்டும் மாறியது. 1924-இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், 1939 முதல் மலாய் மக்களின் அரசியல் உணர்வோடு பின்னிப் பிணைந்திருந்த மலாய் நாளிதழான உத்துசான் மூடப்பட்டது. பின்னர் புதிய உரிமையாளரின் கீழ் அது மீண்டும் வந்தது என்றாலும், வேலையிழந்து வாசலில் நின்ற ஊழியர்களின் முகங்களை எந்த மறுபிறப்பும் மாற்றிவிடவில்லை. இவ்வளவும் ஓராண்டுக்குள் நடந்தவை. கோவிட் பெருந்தொற்று வந்ததும் அதற்கு அப்புறம்தான்.

தமிழ் நேசன் நின்றபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பெரும்பாலானவை அதன் இலக்கியப் பணியையே பேசின. அதில் தவறில்லை. 1950-இல் அந்த நாளிதழ் நடத்திய கதை வகுப்பு இந்த நாட்டில் ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கியது என்பது வரலாறு. ஆனால் அந்தப் பத்திரிகையும், அதையொட்டியும் எதிர்த்தும் வந்த மற்ற பத்திரிகைகளும் செய்துவந்த இன்னொரு வேலைக்கு யாரும் அஞ்சலி எழுதவில்லை. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எந்தத் தோட்டம் யாருக்கு விற்கப்பட்டது, எத்தனை குடும்பங்கள் லயத்தை விட்டுப் போக வேண்டும், எந்தத் தமிழ்ப்பள்ளிக்கு நிலம் இல்லாமல் போகிறது, எந்தத் தொழிலாளியின் சேமநிதிப் பணத்தை நிர்வாகம் கட்டவில்லை என்பவற்றையெல்லாம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க் கேட்டு எழுதியவர்கள் வட்டார நிருபர்கள். அவர்களில் பலர் பகலில் பள்ளி ஆசிரியர், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), முடிதிருத்தகம் வைத்திருப்பவர். அவர்கள் அனுப்பிய நான்கு பத்திச் செய்திதான் ஒரு தோட்டத்துக்கும் தலைநகருக்கும் இடையே இருந்த ஒரே கம்பி. அவர்களுக்குப் பெயர் போட்டுக்கூடச் செய்தி வராது. 'நமது நிருபர்' என்றுதான் வரும்.

இந்தக் கட்டமைப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இன்றைய நெருக்கடியைப் புரியவைக்க முடியாது. கடையில் கொடுத்த விலை காகிதத்துக்கும் முகவர் கழிவுக்கும் லாரிக்குமே சரியாகப் போய்விடும். ஆசிரியர் குழுவுக்குச் சம்பளம் வந்தது விளம்பரத்திலிருந்து. பெரிய ஆங்கில நாளிதழ்களுக்குக் கார், வீடு, வேலைவாய்ப்பு விளம்பரங்கள் என்றால், தமிழ் நாளிதழ்களுக்கு மரண அறிவிப்பு, கருமக்கிரியை அழைப்பு, நினைவஞ்சலி, தீபாவளி வாழ்த்து ஆகியவையே உயிர்நாடி. தீபாவளிச் சிறப்பிதழில் வாழ்த்துச் சொல்லாத அரசியல்வாதியும் கிடையாது, நகைக்கடையும் கிடையாது. அந்த ஒரு மாத வருமானத்தை வைத்து மீதி மாதங்களின் பள்ளத்தை நிரப்பிய கணக்கை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் தன் தாத்தாவின் படத்தைக் கால் பக்கத்தில் போட்டுச் செலுத்திய தொகையில்தான், அந்தக் குடும்பத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு நீதிமன்ற வழக்கைக் கேட்க ஒருவர் பேருந்து ஏறினார். இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை; தானாக அமைந்தது, தானாகவே கலைந்தும்விட்டது. இன்று மரணச் செய்தி குடும்பத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் அரை மணி நேரத்தில் உறவு முழுவதையும் எட்டிவிடுகிறது. மறுநாள் காலைப் பத்திரிகையில் வரும் அறிவிப்புக்காக யாரும் காத்திருப்பதில்லை, அதற்குப் பணம் கட்டுவதற்கும் காரணமில்லை. வாழ்த்துகள் முகநூலுக்குப் போய்விட்டன. கால மாற்றம் இது என்று ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பணம் மறைந்தபோது பேருந்து ஏறுகிறவரும் மறைந்தார்.

அவர் மறைந்ததால் என்ன நடக்கிறது என்பதற்கு 2025 மார்ச் மாதத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூறாண்டுக்கும் மேலாக இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம், தனியார் நிறுவனம் ஒன்று பள்ளிவாசல் கட்ட விரும்பிய நிலத்தில் நிற்கிறது என்ற செய்தி வெடித்தபோது, சில நாள்களுக்கு நம் கைப்பேசிகள் கொதித்தன. கோயிலை நாளை இடிக்கப்போகிறார்கள் என்றது ஒரு குரல்பதிவு. ஏற்கெனவே இடித்தாயிற்று என்றது இன்னொன்று. வேறேதோ ஊரில் எப்போதோ எடுத்த காணொளியும் அவற்றோடு சேர்ந்து சுற்றியது. அந்த நிலம் பள்ளிவாசல் கட்ட விரும்பிய ஜேக்கல் நிறுவனத்துக்கு 2014-இலேயே கோலாலம்பூர் மாநகர் மன்றத்தால் விற்கப்பட்டுவிட்டது என்ற அடிப்படை விவரம், எனக்குத் தெரிந்த பெரும்பாலான தமிழர்களுக்கு அந்த மார்ச் மாதத்தில்தான் தெரியவந்தது. முடிவில் ஆலயம் ஏறக்குறைய 50 மீட்டர் தொலைவில் உள்ள வேறோர் இடத்துக்கு மாறும் என்று உடன்பாடு காணப்பட்டது. மார்ச் 27 அன்று பிரதமர் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார்.

அந்த உடன்பாடு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. என் கவலையெல்லாம் அந்தப் பதினோர் ஆண்டு இடைவெளியைப் பற்றியது. நம் ஆலயங்கள் எந்தெந்த நிலத்தில் நிற்கின்றன, பட்டா யார் பெயரில் இருக்கிறது, எது அரசாங்க நிலம், எது கைமாறியது என்பதை நில அலுவலகத்திலும் மாநகர் மன்றத்திலும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது ஒருவருடைய முழுநேர வேலையாக இருந்திருந்தால், 2014-இலோ 2015-இலோ ஒரு சிறு செய்தியாவது முன்பக்கத்தில் வந்திருக்கும். ஆலய நிர்வாகமும் வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமைதியாக உட்கார்ந்து பேசுவதற்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்திருக்கும். மாறாக, எல்லோரும் ஒரே வாரத்தில், கோபத்தோடும் பயத்தோடும், பாதி விவரங்களோடும் பேச வேண்டியதாயிற்று. செய்தி வராமல் போன இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்வதை இவ்வளவு அருகில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பினாங்கில் 2009-இல் இந்தியர் குடியிருப்பான கம்போங் புவா பாலாவின் வீடுகள் இடிக்கப்பட்டபோதும், நிலம் பல கை மாறிய கதை குடியிருப்பாளர்களின் காதுக்கு வந்து சேர்ந்தது மிகவும் பிந்தித்தான்.

இதற்கு நேரெதிரான சான்றும் நம்மிடம் இருக்கிறது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை மு. இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை அவருடைய முன்னாள் கணவர் 2009-இல் ஒருதலையாக மதம் மாற்றியதிலிருந்து, அந்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது வரை, வழக்கு ஈப்போவிலும் புத்ராஜெயாவிலும் படிப்படியாக ஏறி இறங்கியது. ஒத்திவைப்பு, மேல்முறையீடு, மறுபடியும் ஒத்திவைப்பு என்று போன அந்த ஒன்பது ஆண்டுகளில், தீர்ப்பு எதுவும் வராத நாள்களிலும் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தவர்கள் இருந்ததால்தான் அந்தத் தாயின் பெயர் மக்களுக்கு மறந்துபோகவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் இளைய மகள் தாயிடம் ஒப்படைக்கப்படாத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தபோது, 'என்ன ஆயிற்று?' என்று காவல்துறைத் தலைவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களும் நிருபர்களே. ஒன்றும் நடக்காத நாளில் போய் உட்காருவதற்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தைத்தான் நான் பத்திரிகை என்பேன்.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் நாளிதழ்கள் கட்சி அரசியலின் நிழலிலேயே வளர்ந்தன. 1979 முதல் 2010 வரை மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தார் வசம் இருந்த தமிழ் நேசன் ஒரு பக்கம் நின்றது. ஆதி குமணன் ஆசிரியராக இருந்த பத்திரிகைகள் வேறு பக்கம் நின்றன. வாசகர்கள் இரண்டையும் வாங்கிப் படித்து நடுவில் உண்மை எங்கே இருக்கும் என்று ஊகித்துக்கொண்டார்கள். பகுதிநேர நிருபர்களுக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்ட தொகை எண்ணெய்ச் செலவுக்கே காணாது. அதனால் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கையில் திணிக்கும் உறையை மறுக்க முடியாத நிலைக்குப் பல நல்லவர்கள் தள்ளப்பட்டதை நான் நேரில் அறிவேன். சட்டத்தின் கத்தியும் தலைக்கு மேலே தொங்கியது. 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சின் உரிமம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012-இல்தான் நீக்கப்பட்டது. 1987 அக்டோபரில் பலரைக் கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமங்கள் பறிக்கப்பட்டதை எந்த ஆசிரியரும் மறந்ததில்லை. 2008 ஏப்ரலில் தமிழ் நாளிதழான மக்கள் ஓசையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, முறையீட்டுக்குப் பிறகு கொடுத்தார்கள். இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் வட்டார நிருபர் ஒருவர் இருந்தார் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். பயந்த பத்திரிகையும் பக்கச்சார்புள்ள பத்திரிகையும்கூடத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பின.

இணையம் வந்தபோது இந்தக் கத்தி மழுங்கும் என்று பலர் நம்பினார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்கும் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அறிவித்தபோது இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் 1999 நவம்பரில் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் பிறந்தது. விளம்பரத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று 2002-இலேயே அது வாசகர்களிடம் சந்தா கேட்கத் தொடங்கியது. இணையத்தில் செய்திக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று அன்று கேட்காதவர்கள் குறைவு. வாசகர்கள் இட்ட கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தபோது, அந்தத் தொகையைப் பொதுமக்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த மாலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. செய்திக்குப் பணம் கொடுக்க இந்த நாட்டு மக்களுக்கு மனமில்லை என்ற பேச்சை நான் அன்றோடு நம்புவதை விட்டேன்.

அப்படியானால் தமிழில் ஏன் அது நடக்கவில்லை என்ற கேள்வி எழும். நம்முடைய இணையத் தளங்கள் பெரும்பாலும் இலவசமானவை. அதனால் பார்வைகளின் எண்ணிக்கையை நம்பி, அதாவது வேறொரு நாட்டில் இருக்கும் இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களின் தயவை நம்பி நடப்பவை. அந்தத் தயவு எவ்வளவு நிச்சயமற்றது என்பதைக் கனடாக்காரர்கள் அனுபவித்தார்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் அங்கே சட்டம் வந்ததும், மெட்டா நிறுவனம் அந்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளையே அடைத்துவிட்டது. கூகுள் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நாட்டுக்கே அந்தக் கதி என்றால், சில லட்சம் தமிழ் வாசகர்களை வைத்துக்கொண்டு நாம் யாரிடம் பேரம் பேச முடியும்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. தன் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தது. அதைப் பற்றி உலகம் முழுவதும் பேசுகிறார்கள். நம்மைப் போன்ற சிறிய செய்தி அறைகளுக்கு ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது என்பது என் கணிப்பு. ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ள அறிக்கையை ஒரு நிமிடத்தில் படிக்கத்தக்க தமிழில் தரும் கருவி வந்துவிட்டது. பதினாறு பக்கத்தையும் அலுவலகத்தை விட்டு யாரும் வெளியே போகாமலேயே நிரப்பிவிடலாம். மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய துணையாசிரியர் என்ற முறையில், அந்தக் கருவி மிச்சப்படுத்தும் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். அந்த நேரத்தை நிருபரை வெளியே அனுப்பப் பயன்படுத்தினால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் செலவைக் குறைக்கத் தவிக்கும் நிர்வாகம் முதலில் குறைப்பது நிருபரைத்தான். பத்திரிகை வெற்றுப் பக்கத்தோடு வந்தால் வாசகர் மறுநாளே தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். பக்கம் நிரம்பி, படத்தோடும் தலைப்போடும் வந்துவிட்டால், உள்ளே நம்முடைய ஊர்ச் செய்தி ஒன்றுகூட இல்லை என்பது யார் கண்ணுக்கும் படாது. நிருபர் இல்லாமற்போனதையே நமக்குத் தெரியாமல் செய்துவிடும் வசதி அது, அதனால்தான் எனக்கு அச்சம்.

இளையவர்களிடம் ஆர்வம் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் தவித்தபோது, கைப்பேசியோடு தண்ணீரில் இறங்கி நிலைமையை வெளியுலகுக்குக் காட்டியவர்களில் நம் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். எந்தச் செய்தி அறைக்கும் அவ்வளவு சீக்கிரம் அங்கே போக முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, உதவித்தொகை யாருக்குக் கிடைத்தது, வடிகால் முறை ஏன் அப்படி இருந்தது, மறுபடி வராமலிருக்க என்ன செய்தார்கள் என்று மாதக்கணக்கில் கேட்பதற்குத்தான் அவர்களிடம் வசதி இல்லை. பகலில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆர்வம் இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது. மாதச் சம்பளமும், பின்னால் நின்று 'இதை இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தினாயா?' என்று கேட்கும் ஓர் ஆசிரியரும் இல்லை.

ஆகவே கடந்த சில மாதங்களாக நானும் முன்னாள் பத்திரிகைக்காரர்கள் சிலரும் செந்தூலில் சந்திக்கும்போதெல்லாம் ஒரே திட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனில் 2018 முதல் பிபிசியின் பணத்தில் ஏறக்குறைய 150 உள்ளூர் நிருபர்கள் பல பத்திரிகைகளில் அமர்த்தப்பட்டு, உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குப் போய் எழுதினார்கள். அவர்கள் எழுதியதைத் திட்டத்தில் சேர்ந்த எல்லா ஊடகங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை அளவில் சுருக்கி இங்கே செய்து பார்க்க முடியும் என்பது என் எண்ணம். முதலில் ஒரே ஒரு நிருபர் போதும். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகமும் மாநகர் மன்றமும் நில அலுவலகமும் மட்டுமே அவருடைய வேலை. அவர் எழுதுவதை எந்தத் தமிழ் நாளிதழும், எந்த இணையத்தளமும், பெர்னாமாவின் தமிழ்ப் பிரிவும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் போட வேண்டும். போட்டிப் பத்திரிகைகள் ஒரே செய்தியை வெளியிடுமா என்று கேட்டவர்களுக்கு, இன்று எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே அறிக்கைதான் வருகிறது என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

பணம் வாசகரிடமிருந்து வர வேண்டும், அரசியல்வாதியிடமிருந்தோ ஒரே தனவந்தரிடமிருந்தோ வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கிய சமூகம் இது. மாதம் பத்து ரிங்கிட் தர முன்வரும் சில நூறு குடும்பங்கள் இருந்தால் ஒரு நிருபரின் சம்பளமும் சேமநிதியும் பெட்ரோல் செலவும் தேறிவிடும்.

எங்களால் இன்னும் தீர்க்க முடியாமல் இருப்பது வழக்குச் செலவு. ஒரு நிலப் பரிமாற்றத்தைப் பற்றி உண்மையை எழுதினாலும், மறுநாள் வழக்கறிஞர் கடிதம் வரும். அவதூறு வழக்கைத் தாங்கும் சக்தி ஒரு சிறு சங்கத்துக்குக் கிடையாது. 1948-ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டமும், இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்க வழிசெய்யும் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் இன்னும் இருக்கின்றன. 2025-இல் நடைமுறைக்கு வந்த மலேசிய ஊடக மன்றச் சட்டம், புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழியைத் திறந்திருக்கிறது. தனி நிறுவனமாக இல்லாத இப்படிப்பட்ட கூட்டு முயற்சி அந்த மன்றத்தில் உறுப்பினராகச் சேர முடியுமா, அப்படிச் சேர்ந்தால் நிருபருக்கு என்ன பாதுகாப்புக் கிடைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊடகச் சட்டத்தில் அனுபவமுள்ள வழக்கறிஞர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிப்பவர்களில் அப்படி யாராவது இருந்தால், கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் எங்களோடு வந்து உட்காருங்கள்.